விண்டோஸ் 11: எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைக்க வேண்டாம்

கேள்வி: விண்டோஸ் 7-இல் தலைப்புப் பட்டை, மெனு, ஸ்க்ரோல் பார் ஆகியவற்றின் அளவைத் தனித்தனியே மாற்றி வைத்திருந்தேன். புதிதாக வாங்கிய 14 அங்குல விண்டோஸ் 11 மடிக்கணினியில் எல்லாமே பொடியாகத் தெரிகின்றன. ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து மங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ரெசல்யூஷனை, ‘ரெகமண்டட்’ என்று குறிக்கப்பட்ட அளவுக்கே திருப்பிவிடுங்கள். திரையில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் புள்ளிகள் நிலையாக அமைந்திருக்கையில், அதைவிடக் குறைந்த ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்தால், சிறிய படத்தை இழுத்துப் பரப்ப வேண்டியிருப்பதால் விளிம்புகள் கலங்கிவிடுகின்றன. இரண்டு சுழி ‘ன’வுக்கும் மூன்று சுழி ‘ண’வுக்கும் வேறுபாடு தெரியாமல் போவது இதனால்தான்.

செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்று சென்று ‘ஸ்கேல்’ அளவை 125 அல்லது 150 விழுக்காடாக்கினால், எழுத்து, ஐகான், பொத்தான் எல்லாம் கூர்மை குறையாமல் ஒருசேரப் பெரிதாகும். எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்றால், அக்சசிபிலிட்டி பகுதியில் ‘டெக்ஸ்ட் சைஸ்’ இருக்கிறது; அதை 225 விழுக்காடு வரை நகர்த்தலாம். சில பழைய மென்பொருள்கள் இதற்கு இசைந்து வருவதில்லை என்பதால், ஸ்கேலை முதலில் சரிசெய்வதே என் பரிந்துரை.

நீங்கள் தேடும் தனித்தனி அமைப்புகள் இன்று செட்டிங்ஸில் இல்லை. எழுத்தளவை உறுப்புவாரியாக மாற்றும் வசதி 2017-இல் விண்டோஸ் 10-இலிருந்தே நீக்கப்பட்டது. நல்ல வசதியை ஏன் எடுத்தார்களோ! ஆயினும் அந்த அளவுகள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் ‘விண்டோ மெட்ரிக்ஸ்’ என்ற பகுதியில் இன்னும் இருக்கின்றன. ஒரு பிக்சலுக்கு, அதாவது ஒரு திரைப் புள்ளிக்கு, -15 என்பது அங்குள்ள கணக்கு. ஆகவே ஸ்க்ரோல் பாரின் அகலத்தைக் குறிக்கும் ‘ஸ்க்ரோல் வித்’ மதிப்பான -255 என்பது 17 பிக்சல் அகலம். அதை -375 ஆக்கி, உங்கள் விண்டோஸ் பயனர் கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால், ஸ்க்ரோல் பார் 25 பிக்சலாகும். தமக்கென்று தனி ஸ்க்ரோல் பார் வரைந்துகொள்ளும் புதிய செயலிகளில் மட்டும் மாற்றம் தெரியாது. மாற்றும் முன் அந்தப் பகுதியை ‘எக்ஸ்போர்ட்’ செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரோல் பார் மறைந்து மறைந்து வருவதுதான் தொல்லை என்றால் ரெஜிஸ்ட்ரி வரை போகவே வேண்டாம். அக்சசிபிலிட்டியில் ‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ பக்கத்திலுள்ள முதல் பொத்தானை இயக்கினால் அது எப்போதும் தெரியும்.