திகதி யார் கையில்?

வணக்கம் ஐயா,

2010 ஜனாதிபதித் தேர்தல் பற்றி ஒரு சந்தேகம். அந்தமுறை மஹிந்த ராஜபக்ஷ, முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவை 18 இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து இரண்டாம் தடவையும் வந்தார். போர் வெற்றிக்குச் சிங்கள மக்கள் செலுத்திய நன்றிக்கடன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சரி, அப்படியென்றால் ஐந்து வருடத்துக்குள் அதே மக்கள் அதே மனிதரை எப்படி வீட்டுக்கு அனுப்பினார்கள்? நன்றி அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுமா? என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவருக்கு இதில் குழப்பமே இல்லை. "2015இல் அவரைத் தோற்கடித்தது நாங்களில்லை, நீங்கள்தான்" என்பார், தமிழர்களை நினைத்து. பகிடியாகத்தான் சொல்கிறார், ஆனால் தேர்தல் பேச்சு வரும்போதெல்லாம் சொல்கிறார். பதவியில் இருக்கிற ஜனாதிபதியை இலங்கையில் யாராலும் அசைக்க முடியாது என்பது என் அப்பாவின் வாதம். 2024இல் ரணில் மூன்றாம் இடத்துக்குப் போனதைப் பார்த்தபின் அதையும் நம்ப முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.

அன்பின் ர.,

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். உங்கள் கேள்விக்குள் இருக்கிற ஓர் ஊகம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. 2010இல் மஹிந்தவுக்கு விழுந்தவை 60 இலட்சத்து 15 ஆயிரம் வாக்குகள். 2015இல் 57 இலட்சத்து 68 ஆயிரம். இழப்பு இரண்டரை இலட்சம்கூட இல்லை. எதிர்த்தரப்பைப் பாருங்கள். பொன்சேகாவுக்கு 41 இலட்சத்து 73 ஆயிரம், மைத்திரிபால சிறிசேனவுக்கு 62 இலட்சத்து 17 ஆயிரம். இருபது இலட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது. வாக்களிப்பு 74 வீதத்திலிருந்து 81 வீதத்துக்கு ஏறியது. அந்த இடைவெளியில் வாக்காளர் இடாப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களும் பல இலட்சம். உள்ளே ஆட்கள் இடம் மாறியிருப்பார்கள், அது வேறு. ஆனால் "நன்றி மறந்து கைவிட்டார்கள்" என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. அவருடைய வாக்கு ஏறத்தாழ அப்படியே நின்றது. 2010இல் வராதவர்கள் வந்ததும், இருந்தவர்களில் ஒரு பகுதி அந்தப் பக்கம் போனதும்தான் கதை.

நன்றி வாக்கு என்று ஒன்று இல்லவே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். 1982 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர் குமார் பொன்னம்பலம். இரண்டாவதாக வந்தவர் ஒரு சிங்களவர், சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவருக்குக் கிடைத்தது. காரணம் வெங்காயமும் மிளகாயும். அவர் விவசாய அமைச்சராக இருந்த 1970களில் இறக்குமதிக்குத் தடை இருந்தது, தோட்டக்காரர்கள் கையில் காசு புழங்கியது. ஐந்து வருடம் கழிந்தும் அதை அவர்கள் மறக்கவில்லை. ஆகவே நன்றி நீடிக்கும். ஆனால் அது மட்டும் ஒருவரைக் கரை சேர்க்காது. கொப்பேகடுவ நாடளவில் 39 வீதத்தோடு தோற்றார்.

அவர் யாரிடம், எப்படித் தோற்றார் என்பதில்தான் உங்கள் அப்பாவின் வாதத்துக்குப் பதில் இருக்கிறது. இலங்கையில் பதவியில் இருந்துகொண்டே மக்கள் வாக்கால் மீண்டும் ஜனாதிபதியானவர்கள் மூன்றே பேர்: 1982இல் ஜே.ஆர். ஜயவர்தன, 1999இல் சந்திரிகா குமாரதுங்க, 2010இல் மஹிந்த. இந்த மூவருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. மூவரும் தங்கள் தவணை முடியும்வரை காத்திருக்கவில்லை. தமக்கு வாய்ப்பான நேரம் பார்த்துத் தேர்தலை முன்கூட்டியே வைத்தார்கள். எந்த நாளில் ஆடுவது என்பதை ஓர் அணித் தலைவர் மட்டும் தீர்மானிக்கிற கிரிக்கெட் போட்டி மாதிரி.

இந்த வசதி 1978 அரசியலமைப்பில் தொடக்கத்தில் இருக்கவில்லை. ஆறு வருடத் தவணை, அவ்வளவுதான். 1982 ஆகஸ்ட்டில் ஜே.ஆர். மூன்றாவது திருத்தத்தைக் கொண்டுவந்தார். முதல் தவணையில் நாலு வருடம் முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் ஜனாதிபதி ஒரு பிரகடனம் செய்து, இன்னொரு தவணைக்கு மக்களிடம் ஆணை கேட்கலாம் என்றாகியது. ஒக்டோபர் 20ஆம் திகதி தேர்தல். அவரை உண்மையில் ஆட்டிப்பார்க்கக்கூடிய, சுதந்திரக் கட்சித் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமையை இரண்டு வருடத்துக்கு முன்பே பறித்தாகிவிட்டது. அதனால்தான் சுதந்திரக் கட்சி கொப்பேகடுவவை நிறுத்த வேண்டி வந்தது. ஜே.ஆர். 52.9 வீதத்தில் வென்றார். வென்ற கையோடு தன் கட்சி எம்.பி.க்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்து டிசம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு: நாடாளுமன்றத்தைத் தேர்தலில்லாமல் இன்னும் ஆறு வருடம் நீடிக்க விளக்குச் சின்னம், வேண்டாமென்றால் குடம். விளக்கு வென்றது. ஒரே வருடத்தில் ஒரு தேர்தலை முன்னுக்கு இழுத்தும் இன்னொன்றைப் பின்னுக்குத் தள்ளியும் காட்டிய மனிதர் அவர். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் பாடம் படித்தவர்கள்தான், அவரைத் திட்டிக்கொண்டே படித்தவர்கள்.

சந்திரிகாவும் ஒரு வருடம் முன்கூட்டியே போனார். 1999 டிசம்பர் 18, கொழும்பு நகர மண்டபத்துக்கு வெளியே கடைசிக் கூட்டம் முடிந்த நேரம் தற்கொலைக் குண்டு வெடித்தது. ஒரு கண்ணில் பார்வை போயிற்று. 21ஆம் திகதி தேர்தல், 51 வீதத்தோடு வெற்றி, மறுநாளே சத்தியப்பிரமாணம். அனுதாப அலையா, அதில்லாமலும் வென்றிருப்பாரா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள், நான் அந்தப் பட்டிமன்றத்துக்குள் போகவில்லை. எனக்குச் சுவாரசியமாக இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. முன்கூட்டி வென்றவருக்கு இரண்டாவது தவணை எப்போது தொடங்கும்? திருத்தத்தின்படி, முதல் தவணை தொடங்கிய அதே நாள், தேர்தலுக்குப் பிறகு எப்போது வருகிறதோ அப்போது. அப்படிப் பார்த்தால் 2000 நவம்பர். அந்த நவம்பரில் அவர் சத்தம் போடாமல் இன்னொரு தடவை சத்தியப்பிரமாணம் செய்திருந்தார் என்பது சில வருடம் கழித்தே வெளியே வந்தது. ஆகவே 2006வரை இருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. 2005 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 2005 டிசம்பரோடு தவணை முடிகிறது என்றது. அதனால்தான் 2005 நவம்பரில் தேர்தல் வந்தது. அதில் வடக்கு புலிகளின் பகிஷ்கரிப்பில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். மஹிந்த 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கில் தப்பிப் பிழைத்தார். மஹிந்த முதல்முறை வந்ததே ஒரு திகதித் தகராறின் வழியாகத்தான் என்பதை அவருடைய ஆதரவாளர்கள் அவ்வளவாக நினைவில் வைத்திருப்பதில்லை.

இப்போது 2010. போர் முடிந்தது 2009 மேயில். நவம்பரில் தேர்தல் அறிவிப்பு. தவணை முடிய ஏறக்குறைய இரண்டு வருடம் பாக்கி இருந்தது. வெற்றிச் சூடு ஆறுவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம். அந்த வெற்றியில் பங்கு கேட்டுத் தளபதியே எதிரே வந்து நிற்பார் என்பது மட்டும் கணக்கில் இல்லாமல் போயிற்று. ஜனவரி 26 வாக்களிப்பு. அந்தத் திகதி யாருக்கு வாய்ப்பு, யாருக்கு வாய்ப்பில்லை என்று வடக்கிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டிருந்தவர்களுக்கு வெளியே போய்வர அனுமதி கிடைத்ததே டிசம்பரில்தான். அடையாள அட்டை தொலைந்தவர்கள், பதிவு ஒரு மாவட்டத்திலும் ஆள் இன்னொரு மாவட்டத்திலும் இருந்தவர்கள், பஸ் கிடைக்காதவர்கள். யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு கால்வாசி. அந்தக் கால்வாசியையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். செத்தவர்களும் வெளிநாடு போனவர்களும் நிறைந்த பழைய இடாப்பு அது, 7 இலட்சத்துக்கு மேல் பெயர்கள். பிறகு அதைத் துப்புரவாக்கியபோது இலட்சக்கணக்கில் பெயர்கள் கழன்றன. ஆனால் வாக்குகளின் தொகை ஏமாற்றாது: 2010இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் பேர், 2015இல் மூன்றரை இலட்சம் பேர். வந்த கொஞ்சப் பேரிலும் பெரும்பான்மையினர் போட்டது பொன்சேகாவுக்கு. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரிக்கச் சொல்லியிருந்தது. போரை நடத்திய இராணுவத் தளபதிக்கு, போரில் எல்லாம் இழந்த மாவட்டம் 63 வீதம் கொடுத்தது. நன்றியை வைத்துத் தேர்தலை விளக்குகிறவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ தெரியாது.

பொன்சேகாவால் தனக்கே வாக்குப் போட முடியவில்லை, அவர் பெயர் இடாப்பில் இல்லை. அது அவருடைய அசிரத்தை. மற்றதெல்லாம் அப்படியல்ல. தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க போட்ட வழிகாட்டல்களை அரச ஊடகங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவற்றைக் கண்காணிக்க நியமித்த அதிகாரியையும் அவர் விலக்கிக்கொள்ள நேர்ந்தது. முடிவை அறிவித்த அன்றைக்கே, இந்த அழுத்தத்தில் இனி வேலை செய்ய முடியாது, போகவிடுங்கள் என்ற தொனியில்தான் பேசினார். இரண்டு வாரம் கழியுமுன் பொன்சேகா கைது. 18 இலட்சம் வித்தியாசம் முழுவதும் இதனால் வந்தது என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நடந்திருந்தாலும் மஹிந்தவே வென்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் வெல்லக்கூடிய நாளில் மட்டும்தான் அந்தத் தேர்தல் நடந்தது.

அதே ஆயுதம்தான் 2015இல் அவரையே திருப்பித் தாக்கியது. 2010 செப்டெம்பரில் பதினெட்டாவது திருத்தம், இரண்டு தவணை வரம்பு போயிற்று. உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயப்படி அவருடைய இரண்டாவது தவணை 2010 நவம்பர் 19இல் தொடங்கியது. நாலு வருடம் முடிந்த மறுநாள், 2014 நவம்பர் 20, பிரகடனத்தில் கையெழுத்து. ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை! சோதிடர் குறித்த நாள் என்று ஊரே பேசியது. எனக்கென்னவோ சோதிடரைவிட ஊவா மாகாணசபைத் தேர்தல்தான் காரணம் என்று படுகிறது. 2009இல் அங்கே 72 வீதம் எடுத்த அவருடைய கூட்டணி, 2014 செப்டெம்பரில் 51க்கு இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு வருடம் இருந்தால் இன்னும் இறங்கும். இருக்கிறபோதே போய்விடுவோம் என்று போனார். மறுநாள் 21ஆம் திகதி அவருடைய சுகாதார அமைச்சரும் கட்சிச் செயலாளருமான சிறிசேன எதிரணி வேட்பாளராக வந்து நின்றார். முந்தின இரவு என்னோடு ஆப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனவர் என்று மஹிந்த அதைப் பிறகு சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நாள் குறிக்கிற அதிகாரத்துக்கு ஒரு குறை உண்டு. எப்போது வைப்பார் என்று எதிரிக்கும் ஊகிக்க முடிந்தால், அவனும் தயாராக இருப்பான்.

ரணிலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் அவரைத் தெரிவு செய்தது நாடாளுமன்றம், கோட்டாபய விட்டுப்போன மிச்சத் தவணைக்கு. 2023இல் உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று தள்ளிவைக்க அவருடைய அரசாங்கத்தால் முடிந்தது. ஜனாதிபதித் தேர்தலை அப்படித் தள்ள முடியவில்லை. 2024 செப்டெம்பர் 21 வந்தது, 17 வீதத்தோடு போனார். திகதியைத் தன் விருப்பத்துக்கு வைக்க முடியாத ஒரு ஜனாதிபதி என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். பொருளாதாரத்தை விட்டுவிட்டுப் பேசுகிறான் என்று அவர் என்னைத் திட்டினாலும் நியாயம் உண்டு.

கடைசியாக உங்கள் நண்பர். 2015இல் சிறிசேனவின் பெரும்பான்மை 4 இலட்சத்து 49 ஆயிரம். தமிழர் பெரும்பான்மையாக உள்ள யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு என்ற மூன்று மாவட்டங்களில் மட்டும் அவர் முந்திய வாக்குகளைக் கூட்டினால் ஏறத்தாழ அதே தொகை வரும். ஆகவே கணக்கு உங்கள் நண்பர் பக்கம் இருப்பது போலத் தெரியும். ஆனால் 60 இலட்சம் வாக்கில் ஏதோ நாலரை இலட்சத்தை மட்டும் பிரித்தெடுத்து, இதுதான் தோற்கடித்த வாக்கு என்று எப்படிச் சொல்வது? கம்பஹாவைப் பாருங்கள். சிங்கள வாக்காளர் பெரும்பான்மையாக உள்ள மாவட்டம். 2010இல் மஹிந்தவுக்கு 61 வீதத்துக்கு மேல் கொடுத்தது. 2015இல் 49 வீதம்தான், மயிரிழையில் சிறிசேன முந்தினார். பொலன்னறுவை, பதுளை, கண்டி, கொழும்பு எல்லாம் அந்தப் பக்கம் போயின. அடுத்தமுறை அவர் பகிடி விடும்போது கம்பஹாவில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் அந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்.