கரண்ட் போனால் அடுக்கிய பாட்டும் போகிறதா?

அண்ணாச்சி, தக்கலையில் மழை பிடித்தால் கரண்ட் போவது புதுசா என்ன! ஸ்ட்ரீமர் (நெட்டிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் பாட்டு போடும் கருவி) அணைந்து மறுபடி உயிர் வந்ததும், அதை இயக்கும் ஆப்பில் அடுக்கிய பாட்டெல்லாம் காணவில்லை என்கிறீர்கள். மெஷினில் கோளாறு இருக்காது. நீங்கள் அடுக்கியது க்யூ, பெயர் கொடுத்துச் சேமித்த பட்டியலான பிளேலிஸ்ட் அல்ல. க்யூ தற்காலிக வரிசை. சில கருவிகள் அதை நினைவில் வைக்கும், சில வைக்காது.

அடுக்கி முடித்ததும் க்யூ திரையைத் திறந்து, சேவ் பட்டனையோ மூன்று புள்ளி மெனுவையோ தட்டிப் பெயர் கொடுங்கள். பிறகு க்யூவில் ஒரு பாட்டைச் சேர்த்தால் அது சேமித்த பட்டியலில் தானாக ஏறாது, மறுபடி சேவ் செய்ய வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், பாட்டு பென்டிரைவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பிளேலிஸ்ட்டுக்குள் பாட்டு கிடையாது, அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான். 'பழையது' என்ற ஃபோல்டரை 'பழைய பாட்டு' என்று மாற்றினாலே போதும், அதிலுள்ள பாட்டுகள் ஓடாது. ஆகவே முதலில் ஃபோல்டர்களை ஒழுங்கு பண்ணிவிட்டு, ஆப்பில் லைப்ரரியை ரீஸ்கேன் செய்து (பாட்டுகளை மறுபடி தேடிப் பதிய வைத்து), அதற்கப்புறம் பட்டியல் போடுங்கள்.

கம்ப்யூட்டரில் பிளேலிஸ்ட்டை எம்3யூ என்ற பட்டியல் கோப்பாகச் செய்வதானால், தமிழ் எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.