ராஸ்பெர்ரி பையில் திரை திரும்பவில்லை, தொடுதலும் தாறுமாறு

வணக்கம். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பில், திரையைத் திருப்பும் டிஸ்ப்ளே ரொட்டேட் வரி சேர்த்தும் திரை அகலவாக்கிலேயே நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வரியில் பிழையில்லை. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பில் திரையைக் கவனிப்பது கேஎம்எஸ் என்ற டிரைவர் மென்பொருள்; அது அந்தப் பழைய வரியைக் கண்டுகொள்ளாது. நீக்கிவிடுங்கள்.

டெஸ்க்டாப்பைத் திருப்ப, மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் ஸ்கிரீன் கான்ஃபிகரேஷன். திரையின் பெட்டியை வலது கிளிக் செய்து, ஓரியன்டேஷனில் ரைட் அல்லது லெஃப்ட் கொடுத்து அப்ளை அழுத்துங்கள்.

பூட் ஆகும்போது ஓடும் எழுத்துகளுக்கு இது செல்லாது. அதற்கு, பூட் ஆகும்போது படிக்கப்படும் சிஎம்டிலைன் என்ற கோப்பின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, ஆங்கில எழுத்தில் எஃப்பிகான்=ரொட்டேட்:1 என்று சேர்க்கவும். 1 வலப்பக்கம், 2 தலைகீழ், 3 இடப்பக்கம். கோப்பு முழுவதும் ஒரே வரியாகவே இருக்கவேண்டும். தெரியாமல் என்டர் தட்டி இரண்டாம் வரிக்குப் போனால் நீங்கள் சேர்த்தது வேலை செய்யாது. பலர் சறுக்குவது இங்கேதான். முதலில் ஒரு நகல் எடுத்துவையுங்கள்.

மேல் மூலையைத் தொட்டால் வேறு மூலையில் கிளிக் ஆகிறதா? படம் திரும்பிவிட்டது, தொடுதலின் அச்சுகள் திரும்பவில்லை. டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் அமைப்பு வேலாண்ட், எக்ஸ்11 என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும். வேலாண்டில் அதே ஸ்கிரீன் கான்ஃபிகரேஷனில் டச்ஸ்கிரீனை அந்தத் திரையோடு இணைத்தால் போதும். எக்ஸ்11 என்றால் எக்ஸ்இன்புட் என்ற கட்டளையில் கோஆர்டினேட் மேட்ரிக்ஸ், அதாவது தொடுதலின் அச்சுகளைத் திருப்பும் ஒன்பது எண்கள், கொடுக்கவேண்டும்: ரைட்டுக்கு 0 1 0 -1 0 1 0 0 1, லெஃப்டுக்கு 0 -1 1 1 0 0 0 0 1. இது ரீபூட்டில் அழிந்துவிடும், ஒவ்வொரு முறையும் தானாக ஓட ஆட்டோஸ்டார்ட்டில் போட்டுவையுங்கள்.

மின்சாரம் கொடுத்ததும் தெரியும் வானவில் சதுரம் மட்டும் திரும்பாது, அதற்காக மெனக்கெட வேண்டாம்.