‘மேல் உதடு’ – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

‘மேல் உதடு’ கதையை இரண்டு முறை படித்தேன். மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுங்கள் என்று கதையின் கீழே கேட்டிருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கதையில் வரும் மாதம்மாளை எனக்குத் தெரியும் என்றே சொல்வேன். சிரிப்பு வந்ததும் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகும் அம்மாக்களைப் பெற்றோர் கூட்டத்தில் எப்போதும் பார்க்கிறேன்.

எனக்கு இரண்டு குறை. அவள் பல்லில் அந்தப் பழுப்புக் கறை ஏன் என்று கதை எங்குமே சொல்லவில்லை. வெளியூர்க்காரர்கள் படித்தால் பல் தேய்க்காதவள் என்றுதான் நினைப்பார்கள். அடுத்தது, மகளுக்காக மாதம்மாள் போர் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுக்கிறாள். அந்தக் கறைக்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு. காய்ச்சினால் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதைப் படித்துவிட்டு யாராவது அப்படியே செய்தால்? ஒரு வரி சேர்த்திருக்கலாமே?

கதையை எட்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டலாமா என்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

நான் எதைக் கேட்டேனோ அதைக் கொடுத்திருக்கிறீர்கள். ‘அருமை’, ‘கண் கலங்கிவிட்டது’ என்று வந்த கடிதங்களும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு எந்த வரியை விடுவது, எந்த வரியை வைப்பது என்று முடிவு செய்ய முடிவதில்லை. நீங்கள் நேராக அடுப்படிக்கே வந்துவிட்டீர்கள்.

தண்ணீர் காய்ச்சுகிற அந்தப் பத்திக்காகத்தான் இந்தக் கதையையே எழுதினேன். தன் பல் தன் பிள்ளைக்கு வரக்கூடாது என்று அவள் நினைக்கிறாள். ‘தண்ணியக் காய்ச்சிக் குடு’ என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொள்கிறாள். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி, கண்ணெரிச்சலோடு, வருஷக்கணக்கில் அதைச் செய்கிறாள். மகளுக்குப் பால்பல் விழுந்து முளைக்கிற புதுப்பல் சுண்ணாம்பு தடவியதுபோல வருகிறது. போகப் போகப் பழுப்பேறுகிறது. அவள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர்தான் அப்படி.

நம் தருமபுரி மாவட்டத்துப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது என்பதும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பதும், ஏறக்குறைய எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே கறையும் உருவாகிவிடுகிறது என்பதும், அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் அது போகாது என்பதும் உங்களுக்குப் பாடம். எனக்கும் தெரியும். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதம்மாளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் ‘காய்ச்சினால் போகாது’ என்று கதை ஒரு வரி சொன்னால், வாசகர் அவளை விட்டு எழுந்து போய், விவரம் தெரியாத பொம்பளை என்று எட்ட நின்று பார்ப்பார். அவர் அவளுக்குப் பக்கத்திலேயே, அதே புகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த இடத்தில் அந்த வரி வராது.

ஆனால் உங்கள் கேள்வி அத்தோடு தீரவில்லை. மதுரையிலிருந்து எழுதிய ஒருவர், கடைசியில் வருகிற தம்பிக்கு மட்டும் பல் ஏன் வெள்ளை என்று கேட்டிருந்தார். நம் பக்கத்திலிருந்து எழுதியவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. 2008-ல் அடிக்கல் நாட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் 2013-ல் வந்தது, தம்பி அதற்குப் பிறகு பிறந்தவன் என்று அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு பல், தம்பிக்கு ஒரு பல் என்பது இங்கே கண்ணால் பார்க்கிற விஷயம். வாசகர்களின் கருத்தை நான் வலியக் கேட்பது இதற்காகத்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, வெளியே இருந்து வருகிறவருக்கு எது தெரியாது என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை. நாகப்பட்டினத்திலோ நாகர்கோவிலிலோ இருந்து படிப்பவர் அந்தப் புதுப்பல்லைப் பார்த்தபோது என்ன நினைத்தார்? தண்ணீரோடு சேர்த்து யோசித்தாரா, சாபம் என்றோ பரம்பரை என்றோ எடுத்துக்கொண்டாரா? அதை எழுதுங்கள். பலருக்கும் எட்டவில்லை என்றால், கதையில் வேறொரு இடத்தில், அதைச் சொல்லத்தக்க ஒருவர் வாயால் சொல்ல வைப்பேன். மகள் வேலைக்குப் போகிற ஓசூரில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

பல் தேய்க்காதவள் என்று நினைப்பார்களே என்ற உங்கள் முதல் குறைக்குப் பதில் என் பெரியம்மாவிடமிருந்து கிடைத்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் கதையை வாசித்துக் காட்டினேன். கண்ணாடி முன்னால் மாதம்மாள் நிற்கிற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “கல்யாணத்துக்கு முன்னாடி நாங்க செங்கல்லத் தட்டித் தூளாக்கி அதுலதாண்டா தேய்ப்போம். ஈறு கிழிஞ்சு ரத்தம் வரும். கறை மட்டும் போவாது. அதை ஏண்டா எழுதல?” என்றார். இதுவரை எங்கள் வீட்டில் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. சொல்லும்போதுகூட நாக்கால் ஈறைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கதை தொகுப்பில் வரும்போது அந்தச் செங்கல் தூள் அதில் இருக்கும். அதற்குப் பிறகு மாதம்மாளைப் பல் தேய்க்காதவள் என்று யாரும் சொல்ல முடியாது. காரணத்தை விளக்கி நான் ஒரு பத்தி எழுதினாலும் இந்த வேலையை அது செய்யாது.

முடிவைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. ஸ்டுடியோவில் ‘சிரிங்க’ என்றதும் மகளும் அம்மாவைப் போலவே மேல் உதட்டை இழுத்து மூடிக்கொள்கிறாளே, அதில் உங்களுக்கு ஏதாவது தட்டுப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

வகுப்பில் தாராளமாக வாசிக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரையே குடித்து வளர்ந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். வாசிக்கும்போது அந்தப் பிள்ளைகள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் பார்க்காதீர்கள். முடித்த பிறகு, காய்ச்சுவதைப் பற்றி உங்கள் அறிவியலையும் சொல்லிவிடுங்கள். கதைக்குள் நான் சொல்லாததை வகுப்பில் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் கதையைப் பற்றி என்ன பேசினாலும், பிடிக்கவில்லை என்றாலும், அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். தொகுப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன் படித்துவிடுகிறேன்.

அன்புடன்