கரண்ட் பில் யார் கட்டுகிறார்?

கேள்வி: எனக்கு 33 வயது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். நண்பர்கள் ஆறு பேரும் நானும் சேர்ந்து டிஜிட்டல் கலையில் சில சோதனை முயற்சிகள் செய்கிறோம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலிருந்து பூம்புகார் வரை காவிரிக்கரை ஒலிகளைப் பதிவு செய்தோம். தாத்தா காலத்து ரைஸ்மில் கொட்டகையில் எட்டு ஸ்பீக்கர், இரண்டு புரொஜெக்டர் வைத்து, ஜூன் மாதம் மக்களுக்குக் காட்டினோம். மேட்டூர் நீர்மட்டம் ஏறினால் ஒலியும் சுவரில் விழும் படமும் மாறும்படி நானே புரோகிராம் எழுதினேன். ஒலிப்பதிவுக் கருவி மட்டும் 62,500 ரூபாய். கொட்டகைக்கு வாடகை இல்லை, கரண்ட் பில்லைத் தங்கை பார்த்துக்கொள்கிறாள். ஆனாலும் சேமிப்பு கரைந்துவிட்டது. தங்கை தனியார் பள்ளியில் டீச்சர்; அவளுக்கு வரன் பார்க்கிறார்கள், வீட்டில் அந்த டென்ஷன் வேறு. எங்கள் நிகழ்ச்சிக்கு 40 பேர் வந்தார்கள், அதிலும் பாதிப்பேர் சுண்டலுக்கு வந்தவர்கள். “இதுல என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இப்படிப்பட்ட முயற்சிகளை ஆதரிக்க டெல்டாவில் யாருமே இல்லையா? சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடலாமா? எங்கள் அழைப்பிதழையும் இதோடு வைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

தம்பி,

உங்கள் கடிதம் நாலு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன், ஆனால் ஒரு வரியில் மட்டும் கைவைக்கவில்லை. வாடகை இல்லை என்று எழுதி, கமா போட்டு, அதன் வாலில் ஒட்டிவிட்டிருக்கிறீர்களே, அந்த வரி. “கரண்ட் பில்லைத் தங்கை பார்த்துக்கொள்கிறாள்.”

எவ்வளவு வருகிறது பில்?

எழுதவில்லை. ஒலிப்பதிவுக் கருவியின் விலையை ஐந்நூறு ரூபாய் வரை சுத்தமாக எழுதினீர்கள். ஸ்பீக்கர் வாடகை, பெட்ரோல் செலவு, பேனர் செலவு எல்லாம் இரண்டாம் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. பில் தொகை மட்டும் எங்கேயும் இல்லை. உங்களுக்கு அது தெரியாது, தம்பி. பில் தொகை எஸ்எம்எஸ்ஸாக யாரோ ஒருவர் செல்போனுக்கு வரும். அந்த போன் உங்களுடையது இல்லை.

ரைஸ்மில் இணைப்பு என்றால் என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட் அதற்குக் கிடையாது. மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு. அதற்கு மேல் எட்டு ஸ்பீக்கர், இரண்டு புரொஜெக்டர், ராத்திரி பகலாக ஓடும் கம்ப்யூட்டர், ஏழு பேர் உட்கார்ந்து பேச மூன்று ஃபேன். இதையெல்லாம் தனியார் பள்ளி டீச்சர் சம்பளத்திலிருந்து ஒரு பெண் கட்டுகிறாள். சின்ன ஊர்த் தனியார் பள்ளியில் சம்பளம் எவ்வளவு என்று இதைப் படிக்கும் பெண்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மே மாதம் சம்பளமே தராத பள்ளிகள் உண்டு என்பதும் தெரியும். உங்கள் நிகழ்ச்சி ஜூனில். ஒத்திகை மே மாதம் முழுக்க நடந்திருக்கும், இல்லையா?

அப்புறம் அந்தச் சுண்டல். “பாதிப்பேர் சுண்டலுக்கு வந்தவர்கள்” என்று இளப்பமாக எழுதிவிட்டீர்கள். அதை ஊறவைத்து, வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டது யார்? ஆறு நண்பர்களில் ஒருவரா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் நன்றி என்று 23 பெயர்கள். டீக்கடைக்காரர் இருக்கிறார், ஜெனரேட்டர்காரர் இருக்கிறார், டொரன்டோவிலிருந்து போனில் யோசனை சொன்ன நண்பர் இருக்கிறார். நல்லது, அவர்களெல்லாம் இருக்க வேண்டியவர்கள்தான். உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. மில்லைக் கட்டிய தாத்தா பெயரையும் காணோம்.

மயிலாடுதுறையில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் தஞ்சாவூர். பெரிய கோயிலை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள், அந்தக் கல்வெட்டை யாராவது வாசித்துக் காட்டினார்களா? 1010-ல் கட்டி முடித்த கோயில். யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று கல்லில் வெட்டச் சொல்கிறார் ராஜராஜன். “நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” என்று போகிறது வரிசை. தன்னைச் சொன்ன வாயால் அடுத்து அக்கா குந்தவையைச் சொல்கிறார். மனைவிமாரே அதற்கப்புறம்தான். அதே கோயிலில் ஆட வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பெயர் என்ன, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் அழைப்பிதழ் வழவழ காகிதம். அதில் ஒரு பெயருக்கு இடம் இல்லாமல் போனது எப்படி?

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. உங்கள் பதிவு அம்மா மண்டபத்தில் தொடங்குகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆடி மாதத்தில் ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் அங்கே எழுந்தருளி, காவிரியைத் தங்கையாகப் பாவித்துப் புடவையும் மங்கலப் பொருட்களும் சீர் கொடுப்பது வழக்கம். யானையின் மணிச்சத்தமும் மேளமும் பெண்கள் கூட்டத்தின் இரைச்சலும் “அபாரமாக விழுந்திருக்கின்றன” என்கிறீர்கள். அண்ணன் தங்கைக்குச் சீர் கொடுக்கிற சத்தம் தம்பி அது! அதைப் பதிவு செய்து எட்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அந்தக் கரண்டுக்கான பணத்தைத் தங்கையிடம் வாங்கிக் கட்டுகிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பழைய காலத்து மனுஷி. தங்கை கல்யாணம் நிற்கும் வீட்டில் அண்ணனுக்குக் கடமை உண்டு என்று நினைக்கிறவள். வரதட்சணையைச் சொல்லவில்லை, அதைக் கேட்கிற வரனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவள் சேர்த்து வைக்க வேண்டிய பணம் உங்கள் சுவரில் வெளிச்சமாக விழுந்துகொண்டிருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன். கலைக்காக என்றால் எல்லாம் மன்னிக்கப்படும் என்று யாரோ உங்கள் தலைமுறைக்குச் சொல்லிவிட்டார்கள். என் தலைமுறைக்கும் சொன்னார்கள்.

என் அண்ணன் 80-களில் ஒரு சிறுபத்திரிகை நடத்தினார். பதினோரு இதழ் வந்தது. பேப்பர் செலவு என் சம்பளம். அச்சகத்துக்காரர் பாக்கி கேட்டு அண்ணனிடம் போகமாட்டார். நேராக நான் வேலை பார்த்த ஆபீஸ் வாசலுக்கு வந்து சைக்கிளை நிறுத்துவார். இப்போதும் ஆராய்ச்சி மாணவர்கள் அந்த இதழ்களைத் தேடி வீட்டுக்கு வருகிறார்கள். “உங்க அண்ணன் சொத்தையே அழிச்சு நடத்தினாராமே” என்று கண் கலங்கக் கேட்கிறார்கள். காபி கொடுத்து அனுப்புவேன். சொத்து என்று அவர்கள் சொல்வது என் ஆறு வளையல். போனால் போகிறது, வளையல். ஒரு இதழையாவது, அச்சுக்குப் போகும் முன் என் கையில் கொடுத்து, “இதைப் படிச்சுட்டு எப்படியிருக்குன்னு சொல்லு” என்று அண்ணன் கேட்டதில்லை. அவர் போய்ப் பல வருடமாகிறது. இன்னும் அது ஆறவில்லை.

ஆகவே கேட்கிறேன். அந்த 40 பேரில் உங்கள் தங்கை உண்டா? கொட்டகை நடுவில், எட்டு ஸ்பீக்கருக்கும் மத்தியில், ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து முழுசாகக் கேட்கவிட்டீர்களா? இல்லை, அடுப்படியில் இருந்தாளா?

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பணம் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு 1993-லிருந்து இருக்கிறது. உங்களைப் போன்றவர்களின் புதுமுயற்சிகளுக்கு நிதி தருகிறவர்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். மத்திய கலாசார அமைச்சகம் 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு இளநிலை நல்கை (ஜூனியர் ஃபெலோஷிப்) தருகிறது: மாதம் 10,000 ரூபாய், இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. உங்கள் வயதுக்குப் பொருந்தும். அறிவிப்பு எப்போது வருகிறது என்று கண்வைத்திருங்கள். தஞ்சாவூரிலேயே தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் மரபுக் கலை, நாட்டுப்புறக் கலைக்காரர்கள். உங்கள் புரோகிராமைப் பார்த்தால் கொஞ்சம் விழிப்பார்கள். விழிக்கட்டும், போய்ப் பேசுங்கள்.

ஆனால் இவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது பட்ஜெட். இடத்துக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு, உங்கள் பக்கத்திலிருந்து என்ன போடுகிறீர்கள்? அந்த இடத்தில் என்ன எழுதுவீர்கள்? “தங்கை பார்த்துக்கொள்கிறாள்” என்றா? தவணைப் பணம் தாமதமானாலும் கரண்ட் பில் தாமதமாகாது. ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த இடைவெளியை யார் தாங்கப்போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீங்கள் ஏழு பேர் என்கிறீர்கள். 1975-ம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கம் அமைக்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எட்டாக்குங்கள். தங்கையைக் கேளுங்கள். அவள் சம்மதித்தால் பொருளாளராக வைத்து, செக்கில் அவள் கையெழுத்தும் இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே போகாதபடி எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருடமாக உங்களிடையே கணக்கு தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அப்போதும் கொடுத்த பணத்தைக் கடன் என்று ஏட்டில் எழுதி, முதல் தவணை வந்ததும் முதல் வேலையாகத் திருப்புங்கள். மற்ற ஆறு பேரும் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போடட்டும். நண்பர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தால், போகிறவர்கள் போகட்டும்.

பதிவு செய்த ஒலியெல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குப் புரியவில்லை என்ற புகாரை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மேலட்டூரில் ஆண்களே பெண் வேஷம் கட்டி ஆடும் பாகவத மேளாவை ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்த்த பூமி இது. ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று மே மாதமே பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைத் தேடுகிற ஜனம். அணை நிரம்பி 120 அடி என்றால் குறுவைக்காரனுக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த அடிக்கணக்கைத்தான் நீங்கள் ஒலியாக மாற்றியிருக்கிறீர்கள், அருமையான யோசனை. அதை அவனிடம் சொல்லவே இல்லையே! அழைப்பிதழ் முழுக்க ஆங்கிலம். உள்ளே நுழைந்தவனுக்கு இருட்டு, சத்தம், சுண்டல். வாசலில் ஒரு கரும்பலகை வைத்து “இன்றைய மேட்டூர் நீர்மட்டம் இத்தனை அடி, உள்ளே கேட்பது அதன் சத்தம்” என்று சாக்பீஸால் எழுதியிருந்தால் ஒருத்தரும் “இதுல என்ன இருக்கு” என்று கேட்டிருக்கமாட்டார். அடுத்த தடவை மதகு திறக்கிற லஸ்கரை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். தண்ணீர்ச் சத்தத்தில் எது பொய் எது நிஜம் என்று அவர் சொல்வார்.

சென்னைக்குப் போகலாமா என்றால், போகலாம். அங்கே கரண்ட் பில்லை நீங்களே கட்டவேண்டியிருக்கும் என்பதால் ஒருவிதத்தில் அது உங்களுக்கு நல்லதுதான். ஆனால் நீங்கள் வைத்திருப்பது காவிரிக்கரைச் சத்தம். அதற்கு ரைஸ்மில் கொட்டகையைவிடப் பொருத்தமான இடத்தை அங்கே யாரும் தரப்போவதில்லை. இருங்கள், இருந்து ஒழுங்காக நடத்துங்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் செய்ய ஒரு வேலை தருகிறேன். கொட்டகையில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை அட்டை ஒன்று செருகியிருக்கும். ரீடிங் எடுத்த தேதி, யூனிட், தொகை எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் ஊருக்கு வந்த மாதத்திலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கேயாவது ஒரு வரி மை கலைந்து போயிருந்தால் தங்கையைக் கேளுங்கள். அவளிடம் ரசீது இருக்கும்.