மங்கலாக வைத்தால்தான் வலிக்கிறது: போன் திரைக் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பவர் பார்க்கிறவன் நான். இந்தத் தடவை வந்த வாசகர் கேள்விகளில் பாதி ஒரே சங்கதி: போன் பார்த்தால் தலைவலி. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளும்.

"புது போன் வாங்கி ஒரு மாசம் ஆச்சு. பகல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி லைட்ட அணைச்சிட்டுப் படுத்துக்கிட்டே பாத்தா அரை மணி நேரத்துல நெத்திப்பொட்டு தெறிக்கு. பழைய போன்ல இப்படி இல்லியே?" (வங்கி ஊழியர், அம்பாசமுத்திரம்)

ராத்திரி, லைட்டை அணைத்த பிறகு என்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. போன் திரையில் எல்சிடி, ஓலெட் என்று இரண்டு வகை. பழையது எல்சிடி, புதுசு ஓலெட் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எல்சிடி திரைக்குப் பின்னால் தனியாக விளக்கு உண்டு. வெளிச்சம் குறைய வேண்டுமானால் பல போன்களில் அதற்குப் போகும் கரண்ட்டைக் குறைத்துவிடுவார்கள். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவது. கரண்ட்டை ரொம்பக் குறைத்தால் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் திரையை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள், பல போன்களில் நொடிக்கு 240 தடவை. இதற்குப் பெயர் பிடபிள்யூஎம். வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க, அணைந்து கிடக்கும் நேரம் கூடும்.

டியூப்லைட்டுக்குக் கீழே ஃபேன் ஓடினால் சுவரில் வெளிச்சம் வெட்டி வெட்டி விழுமே, அந்த வெட்டுதான் இதுவும். வேகம் அதிகம் என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லாருக்கும் வலிக்காது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு வெளிச்சம் துடித்தாலே ஆகாது. நானும் அந்தக் கூட்டம்தான். ஆசையாக வாங்கிய போனை மூன்றே நாளில் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். "போன்ல ஒரு கோளாறும் இல்ல சார்" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை, அந்தத் திரை அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது.

வீட்டிலேயே சோதிக்கலாம். உங்கள் போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தைக் கால்வாசிக்கு இறக்குங்கள். இன்னொரு போனில் கேமராவை புரோ மோடில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/2000 அல்லது அதற்கு மேல் ஏற்றித் திரையைப் பாருங்கள். பத்தமடைப் பாயில் ஓடும் கோடுகள்போலத் தடித்த கறுப்புப் பட்டைகள் வரிசையாகத் தெரிந்தால் திரை துடிக்கிறது. ஒரே ஒரு மெல்லிய கோடு மட்டும் நகர்ந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். போன் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள். கண் கூசினால் ஆண்ட்ராய்டு போனில் 'எக்ஸ்ட்ரா டிம்', ஐபோன் என்றால் 'ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட்' வசதியைப் போடுங்கள். வெளிச்ச அளவு மேலேயே இருக்க, படத்தை மட்டும் அது மங்கலாக்கும். சில போன்களில் 'டிசி டிம்மிங்', 'ஃப்ளிக்கர் குறைப்பு' என்று தனியாகவே இருக்கும், தேடிப் பாருங்கள். அறையில் ஒரு சின்ன லைட்டாவது எரியட்டும்.

"120 ஹெர்ட்ஸ் திரை, துடிப்பே இருக்காதுன்னு ஜங்ஷன் கடையில சொல்றாங்க. நம்பலாமா?" (கல்லூரி மாணவர், பேட்டை)

நம்பாதீர்கள். 120 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 120 தடவை படம் மாறுகிறது என்ற கணக்கு. நாம் பேசுவது திரை அணைந்து எரியும் கணக்கு. அது 1920, 2160, 3840 என்று இருக்கிற போன்கள் வந்துவிட்டன, அதைக் கேட்டு வாங்குங்கள். எல்இடி விளக்குகளுக்காக ஐட்ரிபிள்ஈ என்ற உலக மின்பொறியாளர் அமைப்பு 2015-இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. துடிப்பின் வேகம் 1,250 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஆபத்து குறைவு என்பது அதன் கணக்கு. போனுக்கென்று எழுதியதல்ல, ஆனாலும் ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். எண் பெரிதாக இருப்பதாலேயே உங்கள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட முடியாது. கடையிலேயே வெளிச்சத்தைக் குறைத்துப் பத்து நிமிஷம் படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

"புளூ கட் கண்ணாடி போட்டா சரியாகுமா?" (ஐ.டி. ஊழியர், வண்ணாரப்பேட்டை)

கண்ணாடி விற்கிற இடத்தில் இருந்துகொண்டே சொல்கிறேன்: இதற்காக வாங்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. திரை பார்ப்பதால் வரும் கண் அசதி, நீல வெளிச்சத்தை வடிகட்டும் இந்தக் கண்ணாடியால் குறைவதாகத் தெரியவில்லை. துடிக்கிற வெளிச்சம் நீலத்தை வடிகட்டினாலும் துடிக்கத்தான் செய்யும்.

"வயசு 46. போனைக் கைநீட்டித் தள்ளிப் பிடிச்சாத்தான் எழுத்து தெரியுது. சாயங்காலம் ஆனா தலைவலி. போன் துடிப்புதானா?" (விசைத்தறி நடத்துபவர், சங்கரன்கோவில்)

இல்லை அண்ணாச்சி, இது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் வரும். படிக்கிற கண்ணாடி ஒன்று போட்டால் தலைவலி போகிறதா என்று முதலில் பாருங்கள், பாவம் போன்மேல் பழி போடாதீர்கள். இன்னொன்று, திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். கண் காய்ந்து கரகரக்கும். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"காத்தாடி (காற்றாலை) நிழல் வீட்டுக்குள்ள விழுந்து வெட்டுது. இதுவும் போன் துடிப்பு மாதிரிதானா?" (பணகுடி வாசகி)

நல்ல கேள்வி. வெட்டு ஒன்றுதான், வேகம் வேறு. மூன்று இறக்கைக் காற்றாலை நிமிஷத்துக்கு 20 சுற்று சுற்றினால் நிழல் நொடிக்கு ஒரு தடவை விழும். அது கண்ணுக்கு நேராகவே தெரியும், எரிச்சல்தான் மிச்சம். வெளிச்சத் துடிப்பால் வலிப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆகாதது நொடிக்கு 3 முதல் 30 வரை. வெயில் சாய்கிற நேரத்தில் அந்த ஜன்னலுக்குத் திரை போட்டால் போதும்.

"அம்மாவுக்கு நேத்து ராத்திரியிலிருந்து ஒரு பக்கம் தலைவலி, அந்தக் கண்ணு சிவந்திருக்கு, வாந்தியும் வருது. பல்பைச் சுத்தி வளையம் தெரியுதுங்காங்க. போன் பாத்ததாலயா?" (களக்காடு)

இந்தக் கேள்விக்கு அன்றைக்கே போனில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன். இது கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடக்கூடும். கை வைத்தியம், தைலம், 'காலையில பாப்போம்' எதுவும் வேண்டாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்தில் உள்ள கண் ஆஸ்பத்திரிக்கோ அந்த நிமிஷமே கூட்டிக்கொண்டு போங்கள்.