கறுப்பில் ஜெயித்தால் ரேட்டிங் வந்துவிடுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். செஸ் ஆடும் 12 வயது மகன், ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) இல்லாதவன், புதுச்சேரியில் நடந்த ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் போட்டியில் கறுப்புக் காய்களோடு சிசிலியன் டிராகன் என்ற தொடக்க முறையை ஆடி, 1700 ரேட்டிங்காரரை ஜெயித்தான். ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடு ஜோடி விழுந்தது. ஒருவர் வரவில்லை, வாக்ஓவர். டிராகன் பயிற்சியோடு 18,000 ரூபாய் கொடுத்தால் ரேட்டிங் உறுதி என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூட கொடுக்காதீர்கள். ரேட்டிங் என்பது ஆடிய ஆட்டங்களின் கணக்கு. அதை வாங்கித் தர எவராலும் முடியாது. ‘உறுதி’ என்று சொல்பவர், உங்கள் பையன் தானாக வாங்கப்போவதற்குக் கமிஷன் கேட்கிறார், அவ்வளவுதான்.

கறுப்பில் ஜெயித்ததற்குத் தனி மதிப்பெண் கிடையாது. 1995 உலகப் பட்டப் போட்டியின் 11ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் இதே டிராகனை வைத்து நம் ஆனந்தை வீழ்த்தினார். அதற்கும் ஒரு புள்ளிதான். யானையைக் கொடுத்து சி3 கட்டத்துக் குதிரையை வெட்டும் துணிச்சல் பையனுக்கு இருந்தால் சந்தோஷம். அதற்கு 18,000 எதற்கு?

ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வாக்ஓவர் போட்டிப் புள்ளியில் சேரும், ரேட்டிங் கணக்கில் சேராது. எதிராளி வந்து, இருவரும் ஒரு நகர்வாவது ஆடிய பிறகு அவர் எழுந்து போயிருந்தால் சேரும். நாற்காலி காலியாகவே இருந்தால் சேராது. ஆக உங்கள் கையில் இருப்பது நான்கு.

இந்த விதியை ஒரு தாளில் அடித்து அரங்கச் சுவரில் ஒட்ட அமைப்பாளர்களுக்கு மனசு வருவதில்லை. நுழைவுக் கட்டணம் வாங்க மட்டும் மூன்று மேசை போடுகிறார்கள்! புரோக்கர்கள் முளைப்பது இந்த இடைவெளியில்தான்.

சரி, அடுத்து என்ன? 26 மாதத்துக்குள் இன்னொரு ரேட்டிங் போட்டியில் ஆடவிடுங்கள். பணம் கட்டும் முன் அந்தப் போட்டி ஃபிடே தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ரேட்டிங் கணக்கு 1400ஐத் தொட்டால், மாதத்தின் முதல் தேதி வரும் ஃபிடே பட்டியலில் பெயர் இருக்கும். அப்புறம், பையனுக்கு ஏற்கெனவே ஃபிடே எண் இருக்கிறது அல்லவா? ‘புதுசா ஒண்ணு எடுத்துத் தரேன்’ என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டங்கள் இரண்டு எண்ணில் சிதறிப்போனால், ஒன்று சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.